வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு விளையாட்டு எங்கே? காவிரி டெல்டாவில் கிடைக்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் குடும்பங்கள் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் ஆங்காங்கே இருக்கின்றன. கணக்குக்கும் தமிழுக்கும் எப்படியோ வழி கண்டுபிடித்துவிடுகிறார்கள். மாட்டிக்கொள்வது பி.டி. பீரியடில்தான். "சிலம்பத்துல சேர்க்கலாமா, ஸ்டேடியத்துக்குக் கூட்டிட்டுப் போகலாமா, தெருவுல விளையாடுறதே போதாதா?" என்று கேட்கிறார்கள். ஆளுக்கொரு பதில் கிடைத்து மேலும் குழம்புகிறார்கள்.

பள்ளியிலும் பி.டி. பீரியட் அப்படியொன்றும் வாழவில்லை. வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ. பரீட்சை நெருங்கினால் அதையும் கணக்கு சார் வாங்கிக்கொள்வார். ஆகவே அந்த பீரியட் போய்விட்டதே என்று கவலைப்படத் தேவையில்லை. மணி அடித்ததும் கூடவே ஓடிவர முப்பது, நாற்பது பேர் இருப்பார்களே, போனது அதுதான். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு நேரம் கொட்டிக் கிடக்கிறது. டெல்டாவில் இடத்துக்கும் குறைவில்லை. ஆள்தான் கிடைப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பையன் காலை எட்டு மணிக்கு வேன் ஏறினால் மாலை ஐந்துக்குத்தான் இறங்குகிறான், ஆறு மணிக்கு டியூஷன் போகிறான். இந்த ஒப்பீடு முழுக்க இந்த ஒரு சிக்கலைச் சுற்றித்தான் இருக்கும்.

## எதை வைத்து எடைபோடுவது

உடம்பின் தேவை. 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். வாரத்தில் 3 நாளாவது வேகமான ஆட்டமும், தசைக்கும் எலும்புக்கும் வலு சேர்க்கும் குதித்தல், ஏறுதல், தூக்குதல் போன்றவையும் அதில் இருக்க வேண்டும். 3, 4 வயதுக் குழந்தைக்கு, அதே நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல்படி, நாளைக்கு 180 நிமிட அசைவு, அதில் 60 நிமிடம் நல்ல சுறுசுறுப்பாக. மழையில் ஒருநாள் போனால் மறுநாள் ஈடுகட்டிக்கொள்ளலாம்; தப்பில்லை.

கூட்டாளிகள். எத்தனை பேர், என்ன வயது, எந்த நேரத்தில் கிடைப்பார்கள் என்பது. ஒப்புக்குச் சப்பாணியாக ஓரத்தில் நிற்காமல் ஆட்டத்துக்குள் சேர்த்துக்கொள்வார்களா என்பதும்.

பருவம். ஐப்பசி, கார்த்திகை அடைமழை, சித்திரையில் கத்திரி வெயில், ஆனி ஆடியில் ஆற்றில் புதுத்தண்ணீர். வருஷத்தில் எத்தனை மாதம் இந்த வழி ஓடும்?

செலவு. ஃபீஸை எல்லாரும் கேட்டுவிடுகிறார்கள். பெட்ரோல், ஷூ, சான்றிதழ் கட்டணம், அப்புறம் கூட்டிப்போய்க் காத்திருக்கும் அம்மாவின் மாலை நேரம், இதையெல்லாம் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

மேலே போகும் வழி. பிள்ளைக்கு உண்மையிலேயே கை வந்துவிட்டால் போட்டிக்குப் போக முடியுமா? பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது தேவைப்படாது. தேவைப்படும் பிள்ளைக்கு 12 வயதில் திடீரென்று குறுக்குச் சுவராக நிற்கும், அதனால் சேர்த்திருக்கிறேன்.

## தெருவும் திடலும்

காசு கிடையாது, வண்டி வேண்டாம், வீட்டு வாசலிலேயே நடக்கிறது. உடம்பின் தேவையையும் தெருவாட்டம் நன்றாகவே நிறைவேற்றுகிறது. கிளித்தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்புச் சாம்பலால் தரையில் கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் ஒருவர் மறித்து நிற்க, எதிரணி கட்டம் கட்டமாகத் தாண்டிப் போய்த் திரும்பிவர வேண்டும். பாய்ந்து வந்தவள் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் சடக்கென்று நிற்கிறாள், இடதுபக்கம் போவதுபோல் தோளைச் சாய்த்துக் காட்டுகிறாள், மறிப்பவன் அந்தப் பக்கம் சாய்ந்ததும் வலதுபக்கம் குனிந்து நுழைந்துவிடுகிறாள். பயிற்சியாளர்கள் கூம்பு வைத்துச் சொல்லித்தருவதும் இதைத்தான். பச்சைக்குதிரையும் நொண்டியும் எலும்புக்குத் தேவையான குதித்தலைக் கொடுத்துவிடுகின்றன. மரத்தில் ஏறித் தொங்கி ஆடுவதைவிட நல்ல தோள் பயிற்சியை நான் பார்த்ததில்லை.

சாட் பூட் த்ரீ போட்டு ஆள் பிரிப்பது, அவுட்டா இல்லையா என்று சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்வது, ஆறு வயதுக் குட்டியையும் சேர்த்துக்கொண்டு அவளுக்கு மட்டும் விதியைத் தளர்த்துவது, இதெல்லாம் எந்த வகுப்பிலும் கிடைக்காது. பெரியவர் நடுவில் நின்றால் தெருவிலும் கிடைக்காது. தூரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

குறை என்ன? முதலில் இடமே மாதத்துக்கு மாதம் மாறும். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்தால் வயலெல்லாம் கிரிக்கெட் மைதானம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே பல வயல்களில் உளுந்தும் பயறும் தெளித்திருப்பார்கள். அதில் கால் வைத்தால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். களத்தில் நெல் குவிந்திருக்கும், தார்ச்சாலையிலும் நெல் காயும். வயல் முழுசாகக் கைக்கு வரும்போது பங்குனி, சித்திரை ஆகிவிடும்; அந்த வெயிலில் காலை எட்டுக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும்தான் ஆட்டம். மழைக்காலத்தில் சேற்று வயலில் புரள்வது பிள்ளைகளுக்குச் சொர்க்கம்தான், ஆனால் காலில் புண்ணோ கீறலோ இருந்தால் இறங்கவிடாதீர்கள். எலிக்காய்ச்சல் அந்த வழியாக வரலாம்.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. பதினொன்று, பன்னிரண்டு வயதானதும் பெண் பிள்ளைகளைத் தெருவிலிருந்து சத்தமில்லாமல் உள்ளே இழுத்துக்கொள்கிறது ஊர். பையன்கள் கிரிக்கெட்டுக்குப் போய்விடுகிறார்கள். அவளுக்குச் சேர்ந்து ஆட ஆள் இல்லாமல் போகிறது. பள்ளிக்குப் போகும் பெண்ணுக்காவது அங்கே கோ-கோ, எறிபந்து இருக்கும். வீட்டில் படிக்கும் பெண்ணுக்கு அதுவும் கிடையாது. எந்தத் தெருப் பிள்ளைகள் எந்தத் திடலுக்கு வரலாம் என்ற பழைய கணக்கும் நம் ஊர்களில் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. பொது அரங்கத்தில் அந்தத் தொல்லை குறைவு.

## சிலம்பம்

டெல்டாவில் ஓரளவு பெரிய ஊர் எதிலும் சிலம்ப ஆசான் ஒருவர் இருப்பார். கோயில் திடலிலோ பள்ளி மைதானத்திலோ மாலையில் நடக்கும். கம்பு ஏறக்குறைய பிள்ளையின் நெற்றி உயரம் இருந்தால் போதும், வேறு சாமான் கிடையாது. நல்ல ஆசான் எடுத்தவுடன் கம்பைச் சுழற்றவிட மாட்டார். காலடி வரிசையில் நாள்கணக்காக நடக்கவிடுவார். அந்த அலுப்பைத் தாண்டிய பிள்ளைக்குத்தான் பிறகு வீச்சு வருகிறது. இரண்டு கையும் சமமாக வேலை செய்யும் கலை இது. வலது கையாலேயே எல்லாம் செய்யும் பிள்ளைக்கு நல்ல மாற்று.

வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு இது மிகவும் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். மாலையில் ஆசானிடம் கற்றதைக் காலையில் தனியாகவே வாசலில் செய்துபார்க்கலாம். ஆள் இல்லாத நேரமும் வீணாகாது. ஒரே வரிசையில் ஆறு வயதும் பதினாறு வயதும் நிற்பார்கள், பெண்களும் நிறையவே வருகிறார்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அதன் பிறகு கூட்டம் இன்னும் கூடியிருக்கிறது.

மறைந்த செலவு இங்கே வேறு மாதிரி. மாத ஃபீஸ் குறைவாக இருக்கும். ஆனால் "உலக சாதனை" என்று சொல்லி நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வெயிலில் நிறுத்திக் கம்பு சுற்றவைத்து, டி-ஷர்ட், பதக்கம், சான்றிதழ் என்று வசூலிக்கும் விழாக்கள் பெருகிவிட்டன. அதற்கு வர முடியாது என்று சொன்னால் முகம் சுளிக்கும் இடத்தில் சேர்க்காதீர்கள். மற்றபடி, திறந்தவெளி என்பதால் அடைமழை மாதங்களில் வகுப்பு விட்டு விட்டுத்தான் நடக்கும்.

## மாவட்ட விளையாட்டரங்கம்

தஞ்சாவூரில் அன்னை சத்யா விளையாட்டரங்கம், மற்ற மாவட்டத் தலைநகரங்களிலும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கீழ் ஒன்று. தடகளம், கூடைப்பந்து, கைப்பந்து, கபடி என்று ஊருக்கு ஊர் மாறும். பயிற்றுநர் இருக்கிறார், தரமான மைதானம் இருக்கிறது, தனியாரோடு பார்த்தால் கட்டணம் கொஞ்சம்தான். கோடை முகாமில் சேர்த்துப் பார்ப்பது நல்ல தொடக்கம்.

தூரம்தான் இதன் விலை. திருவையாறு, வல்லம் என்றால் சரி. ஒரத்தநாட்டுக்கு உள்ளே ஒரு கிராமம் என்றால் போய்வரவே பொழுது சரியாகிவிடும். இலவச பஸ் பாஸ் பள்ளி வழியாகத்தான் வருகிறது, வீட்டில் படிக்கும் பையனுக்கு அது கிடையாது. 12 வயது வரை அரை டிக்கெட், பிறகு முழு டிக்கெட். பெண் பிள்ளைக்கு 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை என்பதால் இந்த ஒரு விஷயத்தில் அவளுக்கு லாபம்.

போட்டிக் கதவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏறும் பள்ளிப் போட்டிகளுக்குத் தலைமையாசிரியர் கையெழுத்து வேண்டும். முதலமைச்சர் கோப்பையில் பள்ளிப் பிரிவு 12 முதல் 19 வயது வரை. பொதுப் பிரிவோ 15 வயதில்தான் தொடங்குகிறது. வீட்டில் படிக்கும் 13 வயதுப் பிள்ளை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அந்தந்த விளையாட்டின் மாவட்டச் சங்கம் நடத்தும் வயதுப் பிரிவுப் போட்டிதான் அந்த வயதில் நம்பக்கூடிய வழி. அங்கே முக்கியமாகக் கேட்பது வயதுக்கான ஆதாரத்தை. பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் தேதி, எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே சரிபார்த்து வையுங்கள். அரசு விளையாட்டு விடுதிக்கு 7, 8, 9, 11-ஆம் வகுப்புச் சேர்க்கைக்குத்தான் ஆள் எடுக்கிறார்கள், எனவே அது பள்ளிக்குத் திரும்பும் முடிவும்கூட.

## தனியார் அகாடமி: பேட்மின்டன், கராத்தே மாதிரி

கூரை இருக்கிறது. ஐப்பசி மழையானாலும் கத்திரி வெயிலானாலும் ஆட்டம் நிற்காது. டெல்டாவில் இந்த ஒரு காரணத்துக்காகவே இதற்கு மதிப்பு உண்டு. செலவு மட்டும் ஃபீஸோடு நிற்காது: பேட்மின்டனுக்குக் கோர்ட்டில் தடம் பதியாத ஷூ, ராக்கெட் நரம்பு, தீர்ந்துகொண்டே இருக்கும் இறகுப்பந்து, கராத்தேவுக்கு ஒவ்வொரு பெல்ட் தேர்வுக்கும் தனிக் கட்டணம்.

ஒரு விஷயம் பலருக்குத் தோன்றுவதில்லை. பல உள்ளரங்குகள் விடியற்காலையில் பெரியவர்களாலும் மாலையில் பள்ளிப் பிள்ளைகளாலும் நிரம்பி, பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை ஈ ஆடிக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று வீட்டுக்கல்விக் குடும்பங்கள் சேர்ந்து போய் அந்த நேரத்துக்கு வாடகை குறைத்துக் கேட்கலாம். கோச் இருக்க மாட்டார், மழைநாளுக்கு அது போதும்.

## நீச்சல்

மற்றவற்றோடு ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் வரிசையில் நீச்சலை வைக்கவே எனக்கு மனசில்லை. வாசலுக்கு வாசல் வாய்க்கால் ஓடும் ஊரில் நீச்சல் தெரியாமல் பிள்ளை வளரக் கூடாது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு கோடையை நீச்சலுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

எங்கே கற்பது என்பதில்தான் தேர்வு. பயிற்றுநர் உள்ள குளத்தில் கற்பது முதல் வழி. தூரமும் பேட்ச் நேரமும் ஒத்துவர வேண்டும். அது இல்லையென்றால் பம்புசெட் தொட்டி, பிறகு முதுகில் காலி கேன் கட்டி, நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க, ஆழம் தெரிந்த ஊர்க்குளம். ஆற்றில் கற்றுக்கொடுக்காதீர்கள். வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து சில நாளில் கல்லணைக்கு வந்துசேரும் தண்ணீர், மழை பொய்த்தால் தள்ளிப்போகும். 2024-ல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். நேற்று முழங்கால் அளவு இருந்த வாய்க்கால் இன்று கழுத்தளவு ஆகும். தஞ்சைப் பெரிய கோயில் பக்கமாகப் போகும் புது ஆற்றில் வேகம் அதிகம், கான்கிரீட் சரிவில் பிடித்து ஏற வழுக்கும். கொள்ளிடத்தில் மணல் எடுத்த பள்ளங்கள் மேலே இருந்து பார்த்தால் தெரியாது. மதகுக்குப் பக்கத்தில் பெரியவர்களும் இறங்கக் கூடாது.

உடற்பயிற்சியாகப் பார்த்தால் நுரையீரலுக்கும் தோளுக்கும் நீச்சல் பிரமாதம். ஆனால் தண்ணீர் உடம்பைத் தாங்கிக்கொள்வதால் எலும்புக்குத் தேவையான அதிர்வு கிடைப்பதில்லை. கரையேறியதும் ஓடிப் பிடித்து விளையாடட்டும்.

## வீட்டுக்குள்ளேயே

சூரிய நமஸ்காரம், ஸ்கிப்பிங், யூடியூப் பார்த்து யோகா. ஸ்கிப்பிங் கயிறுக்கு என் ஓட்டு எப்போதும் உண்டு: காசு சொற்பம், பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கும், எலும்புக்கும் நல்லது, மழைநாளில் திண்ணை போதும். யோகா உடம்பை வளைக்கும், மனசை அடக்கும், ஆனால் நிதானமாகச் செய்யும் ஆசனங்களால் மட்டும் மேலே சொன்ன 60 நிமிடம் நிறைவேறாது. மாட்டுக்குப் புல் தூக்குவது, குடம் சுமப்பது, கடைக்குச் சைக்கிளில் போவதெல்லாம் உடம்புக்கு வேலைதான், தாராளமாகச் செய்யட்டும். அதை "விளையாட்டு நேரம்" என்று கணக்கெழுதிவிடாதீர்கள். பிள்ளைக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

## ஒரே பார்வையில்

| வழி | மூச்சு வாங்குமா | எலும்பு, தசை | கூட்டாளிகள் | பருவம் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|---|
| தெரு, திடல் | நன்றாக | நன்றாக | மாலையில் மட்டும் | அடைமழையில் நிற்கும், இடம் மாறும் | பெண் பிள்ளைக்கு 11 வயதுக்குமேல் சுருங்கும் |
| சிலம்பம் | நன்றாக | நன்றாக | கலந்த வயது | மழையில் விட்டு விட்டு | விழா, டி-ஷர்ட், சான்றிதழ் |
| மாவட்ட அரங்கம் | மிக நன்றாக | மிக நன்றாக | ஒத்த வயது | பெரும்பாலும் ஓடும் | பயணம், டிக்கெட், காத்திருப்பு |
| தனியார் அகாடமி | நன்றாக | ஆட்டத்தைப் பொறுத்து | அந்த பேட்ச் மட்டும் | வருஷம் முழுக்க | ஷூ, பந்து, பெல்ட் தேர்வு |
| நீச்சல் | மிக நன்றாக | தசைக்கு மட்டும் | கொஞ்சம் | கோடை | கூடவே ஒரு பெரியவர் |
| வீட்டுக்குள் | ஸ்கிப்பிங் என்றால் | ஓரளவு | இல்லை | எப்போதும் | அலுப்பு |

## யாருக்கு எது

ஏழு வயதுக்குள் என்றால் எதிலும் சேர்க்க வேண்டாம். மணல், மரம், தெரு போதும். அந்த வயதில் சீருடை மாட்டி வரிசையில் நிறுத்தும் வகுப்பு பெற்றோரின் திருப்திக்குத்தான்.

ஏழு முதல் பத்து வரை, மாலையில் தெருவும் வாரம் மூன்று நாள் சிலம்பமும் என்பது கிராமத்துக் குடும்பத்துக்கு நான் சொல்லும் முதல் யோசனை. டவுனில் தெருவே போக்குவரத்தாகிவிட்டால் தெருவின் இடத்தில் அரங்கத்தை வையுங்கள்.

பதினொன்றைத் தொடும் பெண் பிள்ளை இருந்தால், தெரு சுருங்குவதற்கு முன்பே, பத்து வயதிலேயே, ஏதாவது ஓர் அணி விளையாட்டில் சேர்த்துவிடுங்கள். கபடியில் களத்தில் 7 பேர், கோ-கோவில் 9 பேர் ஆடுகிறார்கள். அத்தனை தோழிகள் ஒரேயடியாகக் கிடைப்பது வேறெங்கே? இந்த ஒரு நிலைமையில் மட்டும் தூரத்தையும் பெட்ரோலையும் பார்க்காதீர்கள்.

போட்டி என்றாலே ஒதுங்கிக்கொள்ளும் பிள்ளைக்கு நீச்சல், சைக்கிள், சிலம்பம். ஆளோடு மோதாமல் தன் வேகத்தில் வளரலாம்.

பஸ்ஸே சரியாக இல்லாத உள்கிராமம் என்றால், பக்கத்து ஊர்களில் உள்ள இரண்டு மூன்று குடும்பங்கள் சனிக்கிழமை காலையில் ஒரே களத்தில் கூடுவதுதான் வழி. அன்று பள்ளிப் பிள்ளைகளும் கிடைப்பார்கள். இரண்டு பேர் வந்தால் கிட்டிப்புள், நான்கு பேர் வந்தால் கல்லா மண்ணா, எட்டைத் தாண்டினால் கிளித்தட்டு. ஆள் குறைந்தது என்று ஆட்டத்தை ரத்து செய்யாதீர்கள்.

எந்த வகுப்பில் சேர்ப்பதானாலும் பணம் கட்டுவதற்கு முன் ஒருநாள் ஓரமாக உட்கார்ந்து முழு வகுப்பையும் பாருங்கள். உங்கள் பிள்ளை வயதில் ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, அது எவ்வளவு நேரம் அசைகிறது, எவ்வளவு நேரம் தன் முறைக்காக வரிசையில் நிற்கிறது என்று கடிகாரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பாதிக்குமேல் நிற்கிறது என்றால் அந்த பேட்சில் கூட்டம் அதிகம். உங்கள் பிள்ளைக்குத்தான் பள்ளி மணி கிடையாதே, கூட்டம் குறைந்த காலை பேட்ச் ஏதாவது உண்டா என்று கேளுங்கள்.